பெரிய கட்சி, சின்னக் கட்சி



இந்தச் சொற்பொழிவு வரிசையில் எனக்கு முன் பேசிய வித்வான்களும் பண்டிதர்களும் ராக லட்சணத்தைப் பற்றியும் வாக்கேயகாரர்களின் பெருமையைப் பற்றியும் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். பாடத் தெரியாதவன், கேட்க மட்டும் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியோடு இங்கே நிற்கும் எனக்கு, பாட்டைப் பற்றி யோசிப்பதைவிடப் பாட்டு நடைபெறும் இடத்தைப் பற்றியும், அந்த இடத்தில் யார் மேடையில் அமர்கிறார், யார் நாற்காலியில் அமர்கிறார், யார் வாசலோடு நின்றுவிடுகிறார் என்பதைப் பற்றியும் யோசிப்பதே நெடுநாளைய வழக்கமாகிவிட்டது. ஆகவே, நம் ஊரின் பெரிய சங்கீத விழாக்களையும், அவற்றுக்கு மாற்றாக ஆங்காங்கே தலையெடுக்கும் சிறிய விழாக்களையும் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரையில் சென்னையில் நடைபெறும் சங்கீத விழாவுக்கு ஈடு சொல்லத்தக்க விழாக்கள் உலகில் மிகச் சிலவே. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் ஆழ்வார்ப்பேட்டையிலும் திருவல்லிக்கேணியிலும் உள்ள சபாக்களில் காலையில் உரையும் உபந்நியாசமுமாகத் தொடங்கி, பகலில் இளைஞர் கச்சேரி, பிற்பகலில் சற்றுப் பெயரெடுத்தவர் கச்சேரி, அந்திக்குப் பிறகு நட்சத்திர வித்வான்களின் கச்சேரி என்று படிப்படியாக ஏறி, ஆயிரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகள் நடந்து முடிகின்றன. 2017-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் தன் படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சென்னையைச் சங்கீதத்துக்காகச் சேர்த்துக்கொண்டதற்கு இந்த ‘சீசன்’ ஒரு முக்கியமான காரணம் என்பதில் சந்தேகமில்லை. அமெரிக்காவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விமானமேறி வந்து, சபா கான்டீனின் பக்கத்திலேயே ஜாகை பார்த்துக்கொண்டு, கையில் அச்சிட்ட நிகழ்ச்சி நிரலோடு சபாவுக்குச் சபா ஆட்டோவில் விரையும் ரசிகர்களைக் கண்டு கேலி செய்வது சுலபம். ஆனால் ஒரு கலைக்காக இவ்வளவு பேர் இவ்வளவு தூரம் வருவது கேலிக்குரிய காரியம் அன்று.

இந்தப் பெரிய விழாவின் அருகில், சில ஆண்டுகளாக, வேறு மாதிரியான விழாக்கள் தோன்றியிருக்கின்றன. மீனவர் குப்பத்தில் கர்நாடக சங்கீதம், மார்கழி மாதத்தில் கானாவும் பறையும், பூங்காவில் கரகமும் ஒயிலும் என்று அவை பலவகைப்படும். இவற்றைக் கண்டதும் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். சபாவே சங்கீதத்தின் கோயில், மற்றவையெல்லாம் விளம்பரத்துக்கான வேஷம் என்பது ஒரு கட்சி. சபாக்கள் ஒரு சிறு கூட்டத்தின் கோட்டை, உயிருள்ள கலை வெளியில்தான் இருக்கிறது என்பது மற்றொரு கட்சி. இரண்டு கட்சியிலும் எனக்குச் சிநேகிதர்கள் உண்டு. ஆயினும் இந்தச் சண்டை நம் சங்கீதத்துக்குப் புதியது அன்று; பழைய சண்டைகள் எப்படி முடிந்தன என்று பார்த்தால் புதிய சண்டையில் எந்தப் பக்கம் நிற்பது என்பது ஓரளவு விளங்கும்.

முதலில் திருவையாற்றுக்குச் செல்வோம். ஸ்ரீ தியாகராஜ சுவாமிகள் 1847-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், புஷ்ய பகுள பஞ்சமியன்று சித்தியடைந்தார். அதன் பிறகு சீடர்கள் திசைக்கொருவராகப் பிரிந்து சென்றுவிட, காவிரிக் கரையில் இருந்த சமாதி பல்லாண்டுக் காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் சீட பரம்பரையினர் ஒன்றுகூடி அங்கே ஆராதனையை விமரிசையாக நடத்தத் தலைப்பட்டனர். தலைப்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே, நம் நாட்டு வழக்கப்படி, பிளவும் வந்துவிட்டது. தில்லைஸ்தானம் சகோதரர்களான நரசிம்ம பாகவதருக்கும் பஞ்சு பாகவதருக்கும் இடையே எழுந்த மனஸ்தாபம் இரண்டு ஆராதனைகளாக முடிந்தது. ஊரார் ஒன்றைப் பெரிய கட்சி என்றும் மற்றொன்றைச் சின்னக் கட்சி என்றும் அழைத்தார்கள். வித்வான்கள் இங்கும் அங்குமாகப் பிரிந்தனர். நிதி வசூலிலும் அன்னதானத்திலும் கச்சேரிப் பட்டியலிலும் இரு கட்சியாரும் ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்த்தனர். ஆனால் எல்லாவற்றிலும் மாறுபட்ட அவ்விரு கட்சியாரும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பூரண ஒற்றுமையோடு இருந்தார்கள்: சமாதியின் முன் பெண்கள் பாடக் கூடாது.

இந்த இடத்தில்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள் வருகிறார். மைசூர் சமஸ்தானத்து நஞ்சன்கூட்டில் 1878-ஆம் ஆண்டில் தேவதாசி குலத்தில் பிறந்து, சென்னையில் பெரும் பாடகியாகப் புகழும் பொருளும் ஈட்டியவர் அவர். கல்வியிலும் சளைத்தவர் அல்லர். முத்துப்பழனி என்ற பழைய தெலுங்குப் பெண் கவியின் காவியத்தைப் பதிப்பித்து, அதற்காக அன்றைய அரசாங்கத்தின் தடையையும் சந்தித்தவர். சமாதி சீர்குலைந்து கிடப்பதைக் கேள்வியுற்ற அவர், நிலத்தை வாங்கி, தம் ஆபரணங்களையும் சேமிப்பையும் செலவிட்டு, 1920-களில் அங்கே கோயில் எழுப்பினார். கட்டியவருக்கே அந்தக் கோயிலின் முன் அமர்ந்து பாட இடமில்லை என்றபோது, அவர் ஒதுங்கிவிடவில்லை. பெண் கலைஞர்களைத் திரட்டிக்கொண்டு, கோயிலின் பின்புறத்தில் தனியாக ஓர் ஆராதனையைத் தொடங்கிவிட்டார். பெரிய கட்சி, சின்னக் கட்சி ஆகிய இரண்டுக்கும் அப்பால், பெண்கள் கட்சி என்று மூன்றாவதாக ஒன்று இவ்வாறு உண்டாயிற்று. இன்றைய பாஷையில் சொல்வதானால் அதுவே நம் நாட்டின் முதல் மாற்று இசை விழா என்று நான் கருதுகிறேன்.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. 1940-ஐ ஒட்டிய காலத்தில் பெரியவர்கள் சிலர் இடையே நின்று மூன்று கட்சிகளையும் ஒன்றாக்கினார்கள். பெண்களும் சன்னிதியில் பாடலானார்கள். பஞ்சரத்தின கீர்த்தனங்களை எல்லோரும் சேர்ந்து பாடும் கோஷ்டி கானம், ஏதோ தியாகையர் காலந்தொட்டு நடந்து வரும் அநாதி சம்பிரதாயம் என்று பலர் நினைத்திருப்பது, அந்த ஒற்றுமைக்குப் பின்னர், 1940-களின் தொடக்கத்தில் ஏற்படுத்தப்பட்ட புது ஏற்பாடேயாகும். இன்று பஞ்சமி அன்று காலையில் அந்தப் பந்தலில் ஆண்களும் பெண்களும் எதிரெதிர் வரிசையாக அமர்ந்து ஒரே குரலில் பாடுவதைத் தொலைக்காட்சியில் காணும் எவருக்கும், பின்வாசலில் நடந்த அந்த மூன்றாவது ஆராதனை நினைவுக்கு வருவதில்லை. நாகரத்தினம்மாளின் விழா இன்று இல்லை. பெரிய விழாவுக்குள் கரைந்து, அதன் இயல்பையே மாற்றிவிட்டு மறைந்தது. ஒரு சிறிய விழா எத்தனை ஆண்டு நீடித்தது என்று கணக்குப் பார்ப்பவர்கள் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

சென்னைக்குத் திரும்புவோம். இன்று மாற்று விழாக்காரர்கள் எந்த நிறுவனத்தை வைதீகத்தின் கோட்டை என்று சுட்டுகிறார்களோ, அந்த சங்கீத வித்வத் சபையின் பிள்ளைப் பிராயத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா? 1927-ஆம் ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியபோது, அதனை ஒட்டி ஒரு சங்கீத மகாநாடும் நடந்தது. அதன் பலனாக 1928-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வித்வத் சபை தொடங்கி வைக்கப்பட்டது. அப்போது அதற்குச் சொந்தத்தில் ஒரு செங்கல்கூட இல்லை. பந்தல்களிலும் இரவல் மண்டபங்களிலும் மகாநாடுகளை நடத்திக்கொண்டு, மூன்று பத்தாண்டுக்கு மேல் அது காலந் தள்ளிற்று. 1955-ல் நேருஜி அடிக்கல் நாட்டி, 1962-ல்தான் இப்போதைய அரங்கம் திறக்கப்பெற்றது. அந்தப் பந்தல் காலத்தில், 1931-ஆம் ஆண்டில், கல்யாணி என்பவரின் குமாரிகள் இருவரைச் சபை தன் மேடையில் சதிராட வைத்தது. தேவதாசிகளின் நடனத்தை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்ற சீர்திருத்தக்காரர்கள் முழங்கிக்கொண்டிருந்த காலம் அது. கண்ணியமானவர்கள் அத்தகைய நடனத்தைப் பார்க்கலாமா என்று பத்திரிகைகளில் காரசாரமான விவாதம் நடந்த காலம். சபையின் காரியதரிசியாக இருந்த இ. கிருஷ்ண ஐயர், தாமே பெண் வேடமிட்டு ஆடிக் காட்டியவர், அந்த எதிர்ப்பையெல்லாம் பொருட்படுத்தவில்லை. அந்தப் பழைய தைரியத்தை இன்றைய வித்வத் சபை தன் வரலாற்று மலர்களில் பெருமையோடு அச்சிடுகிறது. அச்சிடட்டும், அதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் கட்டடம் உயர்ந்த அளவுக்குத் தைரியமும் உயர்ந்ததா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

தமிழிசை இயக்கத்தின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. கச்சேரி என்றால் தெலுங்கும் சம்ஸ்கிருதமும், தமிழ்ப் பாட்டென்றால் கடைசி அரை மணி நேரத்துத் துக்கடா என்றிருந்த நிலையை எதிர்த்து, 1941-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மகாநாடு கூட்டி, 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தைத் தோற்றுவித்தார் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். ராஜாஜியும் ஆர். கே. சண்முகம் செட்டியாரும் டி. கே. சி.யும் கல்கியும் அந்தப் பக்கம் நின்றார்கள். எதிர்ப் பக்கத்தில் நின்றவர்களும் சாமானியர்கள் அல்லர். சங்கீதத்துக்கு மொழி ஏது என்று அவர்கள் கேட்டார்கள். மொழி இல்லையென்றால் தமிழில் பாடுவதற்கு மட்டும் ஏன் தடை என்று கல்கி திருப்பிக் கேட்டார். அவருடைய கட்டுரைகளை இன்று எடுத்துப் படிப்பவர்களுக்கு, ஒரு சங்கீத சர்ச்சையை இத்தனை நகைச்சுவையோடு நடத்தமுடியுமா என்று வியப்புத் தோன்றும். இன்றைய சர்ச்சைகளில் இல்லாதது அந்த நகைச்சுவைதான்.

சங்கம் தனி விழா எடுத்தது; தனி மன்றம் கட்டிற்று; 1949 முதல் பண் ஆராய்ச்சி நடத்தி வருகிறது; ஓதுவார்களை அழைத்துத் தேவாரப் பண்களைப் பாடச் செய்தது. எதிர்க்கட்சியாகத் தொடங்கியது, நாளடைவில் தானும் ஒரு பெரிய ஸ்தாபனமாகி, தானும் பட்டங்கள் வழங்கலாயிற்று. இதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. சங்கத்தின் உண்மையான வெற்றி அதன் மன்றத்துக்குள் இல்லை. மற்றச் சபாக்களின் மேடையில் இருக்கிறது. இன்று பாபநாசம் சிவன் பாடல் இல்லாத கச்சேரி அபூர்வம். கோபாலகிருஷ்ண பாரதி, அருணாசலக் கவிராயர், ஊத்துக்காடு வேங்கட கவி ஆகியோரின் தமிழ்ப் பாடல்கள் எந்த மேடையிலும் ஏறுகின்றன. ஆயினும் நண்பர்களே, அடுத்த முறை கச்சேரிக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தமிழ்ப் பாடல் எந்த நேரத்தில் வருகிறது? ராக ஆலாபனை, நிரவல், கற்பனாஸ்வரம் எல்லாம் விரிவாகச் செய்து, தனி ஆவர்த்தனமும் விடுகிற பிரதான உருப்படியாக வருகிறதா, அல்லது தனி முடிந்து ஜனங்கள் எழுந்துகொள்ளும் நேரத்தில் வருகிறதா? எண்பது ஆண்டு கடந்தும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருப்பதால், சண்டை முழுதும் முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை.

தனி ஆவர்த்தனம் என்றதும் ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. பெரிய விழா எங்கே நோயுற்றிருக்கிறது என்பதை அறிய அந்தப் பதினைந்து நிமிஷம் போதும். பாடகர் கையால் சைகை காட்டியதும், மிருதங்க வித்வான் இடந்தலையில் ரவையைத் தொட்டுச் சரிசெய்துகொண்டு நிமிர்கிறார். கஞ்சிராக்காரர் இரண்டு சொட்டுத் தண்ணீரைத் தோலில் தடவுகிறார். அதே கணத்தில் பின்வரிசை நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படபடவென்று மடங்கும் ஓசை எழுகிறது. கூட்டத்தில் கணிசமான பகுதி கான்டீனை நோக்கி நடக்கிறது. வெளியே காசி அல்வாவுக்கும் கீரை வடைக்கும் வரிசை நீள, உள்ளே ஒரு மனிதர் தம் வாழ்நாள் சாதகத்தையெல்லாம் மிஸ்ரத்திலும் கண்டத்திலும் கொட்டிக்கொண்டிருக்கிறார். வாய்ப்பாட்டுக்கு மரியாதை, பக்கவாத்தியத்துக்கு வடை இடைவேளை என்பது எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதோ, நான் அறியேன். பாலக்காடு மணி ஐயருக்கு 1966-ல்தான் வித்வத் சபையின் சங்கீத கலாநிதிப் பட்டம் கிடைத்தது. மிருதங்கத்துக்கு அதுவே முதல் முறை. பெண் ஒருவருக்கு அப்பட்டம் முதன் முதலாகக் கிடைத்ததும் அதற்குப் பின்னரே, 1968-ல், எம். எஸ். சுப்புலட்சுமிக்கு.

பகல் கச்சேரியையும் சொல்லிவிடுகிறேன். நண்பகலில், அனுமதி இலவசமாக, இருபது வயதுப் பெண் ஒருத்தி பாட அமர்கிறாள். எதிரே இருப்பவர்களில் பாதிப் பேர் அவளுடைய உறவினர். மீதிப் பேரில் சிலர் மாலைக் கச்சேரிக்கு முன்கூட்டியே வந்து இடம் பிடித்தவர்கள். சிலர் குளிர்சாதன வசதிக்காக வந்தவர்கள். அவள் தோடியை ஆற அமர ஆலாபனை செய்ய ஆரம்பிக்கும்போது, அடுத்த கச்சேரிக்காரரின் தம்பூராப் பெட்டி மேடையோரம் வந்து இறங்குகிறது. நேரமாயிற்று என்று திரைக்குப் பின்னிருந்து கைக்கடிகாரம் காட்டப்படுகிறது. சன்மானமாக வருவது பக்கவாத்தியக்காரர்களுக்குக் கொடுப்பதற்கே போதாது. மேடை கிடைப்பதற்கு நன்கொடை கேட்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு என்று வருத்தத்தோடு பேசிக்கொள்கிறார்கள். நட்சத்திரக் கச்சேரிக்குக் கூடும் கூட்டமும், வங்கிகளும் நகைக் கடைகளும் தரும் விளம்பரப் பணமும் இல்லாவிட்டால் சபாக்கள் நடக்கா என்பது உண்மையே. அந்தப் பணம் வருகிறபோது, கூட்டம் சேர்க்கத் தெரிந்தவருக்கு மேலும் மேலும் மேடையும், தெரியாதவருக்குப் பகல் வெயிலும் என்ற ஏற்பாடும் கூடவே வந்துவிடுகிறது. இது தனி மனிதர் எவருடைய கெட்ட எண்ணத்தாலும் நேர்வதன்று. பெரிய விழா பெரிதாகவே இருந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தால் நேர்வது.

இனி, குப்பத்துக்கு வருகிறேன். பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டி ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் சூழலியல் ஆர்வலர் நித்தியானந்த் ஜெயராமனும் நண்பர்களும் ஊராரோடு சேர்ந்து 2015-ஆம் ஆண்டில் அங்கே ஒரு விழாவைத் தொடங்கினார்கள். வில்லுப்பாட்டு, பறையாட்டம், கூத்து, பரதநாட்டியம், கர்நாடக சங்கீதம் ஆகியவை ஒரே மேடையில், டிக்கெட்டு இல்லாமல், திறந்த வெளியில் நடந்தன. அதே ஆண்டில் கிருஷ்ணா தாம் டிசம்பர் விழாவில் இனிப் பாடுவதில்லை என்றும் அறிவித்தார். மறு ஆண்டில் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. இந்த விருதைப் பற்றியும் அவருடைய அரசியலைப் பற்றியும் நம்மில் பலருக்குப் பலவித அபிப்பிராயம் உண்டு. அதற்குள் நான் புகவில்லை.

குப்பத்து மேடையின் எதிரே உட்கார்ந்து கேட்ட அனுபவத்தைச் சொல்கிறேன். காற்று மைக்கில் விழுந்து எழுப்பிய இரைச்சலில் மந்தர ஸ்தாயி பாதி அழிந்து போயிற்று. முன்வரிசை முழுதும் சிறுவர்கள். ஆலாபனை நீண்டபோது அவர்களில் பலர் எழுந்து ஓடிவிட்டு, மிருதங்கம் சேர்ந்ததும் ஓடிவந்தார்கள். மூதாட்டிகள் சிலர் வீட்டுத் திண்ணையிலிருந்தே கேட்டார்கள். பறை ஒலிக்கத் தொடங்கியதும் ஊர் முழுதும் மேடையருகே திரண்டது. மயிலாப்பூரிலிருந்து வந்திருந்தவர்களோ, எங்கே தாளம் போடுவது என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சங்கீதம் என்ற அளவில் அன்று கேட்டது ஒன்றும் உயர்ந்த தரம் அன்று என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நல்ல அரங்கின் சௌகரியத்துக்குப் பழகிய காதுக்கு அங்கே துன்பமே மிகுதி. ஆனால் ரசிகர் என்ற பட்டத்தைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட நாம், தாளம் தெரியாமல் விழித்து உட்கார்ந்திருக்கும் அனுபவத்தை வேறு எந்தச் சபாவில் பெறமுடியும்?

ஏழைகளுக்கு உயர்ந்த சங்கீதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் தர்ம காரியமாக இதனைச் சிலர் புகழ்ந்தார்கள். அப்படிப் புகழ்வதே அவமதிப்பு என்று வேறு சிலர் கண்டித்தார்கள். கண்டித்தவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. அந்த ஊருக்குப் பாட்டும் கூத்தும் வெளியிலிருந்து வரவேண்டிய தேவை எக்காலத்திலும் இருந்ததில்லை. அங்கே கற்றுக்கொள்ளச் சென்றவர்கள் நாம்தான். கூப்பிடு தூரத்தில் குடியிருந்தும் அந்தத் தெருவுக்குள் ஒரு நாளும் காலெடுத்து வைத்திராத நம்மை உள்ளே அழைத்துச் சென்றது என்பதே அவ்விழாவின் பிரயோஜனம்.

கொடுப்பவர், பெறுபவர் என்ற இந்தச் சிக்கலே இல்லாமல், தம்முடைய கலையைத் தாமே மேடையேற்றுவோம் என்று புறப்பட்டவர்களும் உண்டு. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ அத்தகையது. கானா, ஒப்பாரி, பறை ஆகியவற்றை, சபாக்கள் தமக்கே உரியதென்று எண்ணியிருந்த மார்கழி மாதத்திலேயே வைத்தார்கள். மாதத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே வாதம் முழுதும் அடங்கிவிட்டது. இதற்கு முன்பே, 2007-ல், ‘சென்னை சங்கமம்’ என்ற பெயரில் பூங்காக்களிலும் தெருக்களிலும் நாட்டுப்புறக் கலைகள் நடைபெற்றன. இடையில் நின்றுபோன அதனை 2023 பொங்கல் முதல் அரசாங்கமே ‘நம்ம ஊரு திருவிழா’ என்று நடத்தி வருகிறது. கூட்டத்தை வைத்துப் பார்த்தால் எந்தச் சபாவையும்விடப் பெரியது அது. ஆகவே பெரியது, சிறியது என்று நாம் பேசுவது தலையெண்ணிக்கையைப் பற்றி அன்று, கௌரவத்தைப் பற்றியே என்பதும் இதனால் விளங்கும். பத்தாயிரம் பேர் கூடிப் பார்க்கும் தவில்காரருக்கு இல்லாத அந்தஸ்து, முந்நூறு பேர் கேட்கும் வாய்ப்பாட்டுக்காரருக்கு இருக்கிறதல்லவா?

சிறிய விழாக்களைப் பற்றிய என் குறையையும் சொல்லாவிட்டால் நான் ஒரு கட்சிக்காரன் ஆகிவிடுவேன். மாற்று என்ற பெயரோடு தோன்றும் விழாக்களில் பல, சபாவின் சிறு பதிப்புகளே. அதே வித்வான்கள், அதே வரிசை, அதே பொன்னாடை, அதே நீண்ட நன்றியுரை. நாற்காலிக்குப் பதில் ஜமக்காளம் என்ற ஒன்றைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. இன்னும் சில, ஒரு மனிதரின் உற்சாகத்தில் நடந்து, அவர் சோர்ந்ததும் நின்றுபோகின்றன. வேறு சிலவற்றில், கலையைக் காட்டிலும் கலையைப் பற்றிய பிரசங்கம் நீளுகிறது. பறையை இருபது நிமிஷம் வாசிக்கவிட்டு, அதன் பெருமையை முப்பது நிமிஷம் விளக்கினால், வாசித்தவருக்கு அதனால் என்ன மரியாதை? பாபநாசம் சிவன் மயிலையில் கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் மார்கழி விடியற்காலையில் பஜனை செய்துகொண்டு நடப்பார்; பின்னால் வருபவர்கள் வருவார்கள். அதற்கு விளம்பரமும் இல்லை, விளக்கமும் இல்லை. நான் அறிந்த சிறிய விழாக்களில் குறையே சொல்ல முடியாதது அது ஒன்றுதான்.

2024-ஆம் ஆண்டில் வித்வத் சபை கிருஷ்ணாவுக்கே சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது. எதிர்ப்புக் கிளம்பிற்று; கலைஞர் சிலர் அவ்வாண்டு விழாவிலிருந்து விலகினர்; விவகாரம் நீதிமன்றப் படியும் ஏறிற்று. விழாவை விட்டு விலகியவரே அதே விழாவுக்குத் தலைமை வகித்து, டிசம்பர் மாதத்தில் அதே மேடையில் பாடினார். அவர் தோற்றாரா, சபை தோற்றதா என்று அப்போது பலர் கேட்டார்கள். திருவையாற்றை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. பின்வாசலில் இருந்தவர் முன்வாசலுக்கு வருவது தோல்வி ஆகாது. ஆனால் நாகரத்தினம்மாளின் விஷயத்தில் அவர் மட்டும் உள்ளே வரவில்லை. பெண்கள் எல்லோரும் வந்தார்கள். 2024-ல் ஒரு மனிதர் உள்ளே வந்தார். அவரோடு குப்பத்து மேடையில் ஏறிய வில்லும் பறையும் வந்தனவா என்பதே இன்னும் பதில் கிடைக்காத கேள்வி.

வில்லும் பறையும் ஒருபுறம் இருக்கட்டும். சாஸ்திரீய சங்கீதத்துக்கே தாய்வீடான நாகஸ்வரத்தின் நிலை என்ன? ராக ஆலாபனையை மணிக்கணக்கில் விரிக்கும் கலையை, கோயில் திருவீதிகளில் இரவு முழுதும் நின்றுகொண்டு வளர்த்தவர்கள் நாகஸ்வர வித்வான்கள். டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டுத் தம் பாட்டைத் திருத்திக்கொண்ட வாய்ப்பாட்டு வித்வான்கள் பலர். ஆனால் ராஜரத்தினம் பிள்ளைக்குக் கலாநிதிப் பட்டம் கிடைக்கவில்லை. திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கு 1956-லும், ஷேக் சின்ன மௌலானாவுக்கு 1998-லும் கிடைத்தது. இன்றைக்கும் பெரும்பாலான சபாக்களில் நாகஸ்வரம், வாசலில் கட்டும் வாழைமரத்தைப் போல, தொடக்க விழாவின் மங்கலத்துக்கு மட்டும் வந்துவிட்டுப் போகிறது. அமைச்சர் வரும் வரையில் வாசிப்பார்கள். அமைச்சர் வந்ததும் நிறுத்தச் சொல்வார்கள். நல்ல ஆலாபனை ஒன்று பாதியில் அறுபடுவதைக் கண்டு அவையில் ஒருவரும் முகஞ்சுளிப்பதில்லை.

இங்கே சபாக் காரியதரிசிகள் சிலர் அமர்ந்திருப்பதைக் காண்கிறேன். அவர்களிடம் என் விண்ணப்பம் ஒன்றே. அடுத்த மார்கழியில், கூட்டம் அதிகமாக வரும் ஒரு சனிக்கிழமையன்று, மாலை ஏழு மணி மேடையை, முழு மூன்று மணி நேரத்துக்கு, ஒரு நாகஸ்வர கோஷ்டிக்குக் கொடுங்கள். நட்சத்திரப் பாடகருக்குக் கொடுக்கும் சன்மானத்தையே அவர்களுக்கும் கொடுங்கள். டிக்கெட்டு விற்குமா என்று நீங்கள் தயங்கினால், இந்த அவையில் இருப்பவர்கள் ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். முதல் இரண்டு டிக்கெட்டுக்கான பணத்தை நான் இப்போதே கொடுக்கத் தயார்.